உள்ளூர்க் கைகள்

பால் பொங்குவதற்கு முன்னால் இஞ்சியைத் தட்டிப் போட்டால் பால் திரிந்துபோகும், மேடம். ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவரிடம் யாராவது சொல்லிவைத்தால் நல்லது. குறையாகச் சொல்லவில்லை, முழுக்கக் குடித்துவிட்டேன்.

நான் நிதானமாகப் பேசுவது உங்கள் ரைட்டருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அழுதுகொண்டே சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நடந்ததை வரிசை மாறாமல் சொல்வதற்கு அழுகை உதவாது.

என் பெயர் ஆதிகேசவன். ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கும்போது போகிற பிள்ளைகளுக்குச் செவிலிமேட்டில் பயிற்சி தருகிறேன். காலையில் பாலாற்று மணலில் வரிசையாக ஓடுகிறவர்களைப் பாலத்தின்மேல் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊரில் என்னைக் கமாண்டோ சார் என்பார்கள். சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டுப் பட்டுச் சால்வை போர்த்துவார்கள். அதில் பட்டு எவ்வளவு என்று காஞ்சிபுரம் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தொட்டாலே தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளமாட்டேன்.

கொடியேற்றி முடித்து நான் பேசுவது எப்போதும் ஒரே பேச்சுதான். சாதாரணப் படை எதிரியோடு நேருக்கு நேர் மோதும். சிறப்புப் படை அப்படியில்லை. அதில் கொஞ்சம் பேர் எதிரியின் மண்ணில் சத்தமில்லாமல் இறங்குவார்கள். அந்த ஊர் ஜனங்களோடு பழகுவார்கள். யாருக்கு யார்மேல் கசப்பு என்று பார்ப்பார்கள். புதிதாக ஒரு கோபத்தை உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கிற கோபத்துக்கு வழிகாட்டினால் போதும். வேலை முடியும்போது சிறப்புப் படைக்காரனின் கை சுத்தமாக இருக்கும். செய்தது முழுக்க உள்ளூர்க் கைகள். இந்த இடத்தில் ஆசிரியர்கள் கை தட்டுவார்கள். பிள்ளைகள் வெயிலில் நெளிந்துகொண்டிருக்கும்.

நான் அந்தப் படைப்பிரிவில் இருந்தது பொய்யில்லை, மேடம். வாலிபம் முழுக்க அங்கேதான் போயிற்று. மெஸ்ஸில் இருந்தேன். சமையல். விமானத்திலிருந்து குதித்ததில்லை, குதிக்கப் போகிறவர்களுக்கு உப்புமா கிண்டிக் கொடுத்திருக்கிறேன். ஊர் திரும்பியபோது எந்தப் படை என்று கேட்டார்கள். பிரிவின் பெயரைச் சொன்னேன். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். ஒருவன் ஆசையாகச் சேர்த்துக்கொண்டதைப் பிடுங்குவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வித்தை எனக்குத் தெரியும். அதிகாரிகளுக்கு வகுப்பு நடக்கும்போது டீயும் வெங்காயப் பக்கோடாவும் கொண்டுபோவது என் வேலை. தட்டு ஏந்தி நிற்கிறவனுக்குக் காது இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதி நேரம் தூங்கினார்கள். நான் நின்றுகொண்டு கேட்டேன்.

இனி டேனியல். உயிரோடு இருந்தவரை மனசுக்குள் அவன் என்றுதான் சொல்லுவேன். இப்போது அவர் என்பதில் எனக்கு நஷ்டமில்லை.

அவருடைய ஊர் திருப்புட்குழிக்குப் பக்கம், என் ஊரும் அதுதான். நாங்கள் ஊர், அவர்கள் காலனி. அவருடைய அப்பா எங்கள் கழனியில் வேலை செய்தவர். என் அப்பா அவருக்குக் கூழ் ஊற்றும்போது கையை உயரத் தூக்கித்தான் ஊற்றுவார், பாத்திரத்தில் பட்டுவிடாமல். அந்த மனிதரின் மகன் எங்கள் பிரிவில் கமாண்டோவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குனிந்து பரிமாறினேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

போன வருஷம் அவர் வேலையை விட்டு வந்து எங்கள் தெருவுக்குப் பின்னால் வீடு கட்டினார். மனைவி ஷாரோன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டேனியலுக்கு ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி வேலை. ஒரு நாள் காலையில் மணலில் ஓடிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஆதி அண்ணே! இங்கயேவா இருந்துக்கினு இருக்கீங்க? உங்க கை சாம்பாரு இன்னும் நாக்குலயே நிக்குதுண்ணே."

என் பக்கத்தில் அஜித் நின்றிருந்தான். என் மாணவர்களில் மூத்தவன், கெட்டிக்காரன். ஆள் எடுப்பில் தேறாமல் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறவன். "சாம்பாரா சார்?" என்றான்.

"மாறுவேஷம்பா," என்றேன். "சமையல்காரன்னா யாருக்கும் சந்தேகம் வராது."

அஜித் நம்பினான். அந்த வயதில் மீசை முளைப்பதற்கும் அறிவு முளைப்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. டேனியல் என்னைப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு அஜித்தின் தோளில் தட்டி, "ஆமாம்பா, அண்ணன் பெரிய பெரிய வேலையெல்லாம் பாத்தவரு. நாங்கள்லாம் அவருக்கு அப்புறம்தான்," என்றார்.

எனக்காகப் பொய் சொன்னார், மேடம். யாரும் கேட்காமல், முகம் மாறாமல், பிச்சை போடுகிற மாதிரிகூட இல்லாமல், தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். அவர் என்னை எல்லார் முன்னாலும் சமையல்காரன் என்று சொல்லிச் சிரித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இதை ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு என் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் பக்கம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் ஆற்றங்கரைக்கு வருவார். தோளில் ஒரு பழுப்பு நிறப் பை, அதில் மருந்தும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மிட்டாயும். மேய்ச்சலுக்கு வருகிற ஆடுகளுக்கு ஊசி போடுவார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு படையில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நான் சொன்ன கதையில் பாலம் வெடிக்கும். அவர் சொன்ன கதையில் ஆடு தும்மும்.

"பெரும்பாலும் பேசறதுதான்பா எங்க வேல," என்பாராம். "ஒரு மலைக் கிராமத்துல மாசக் கணக்கா ஆட்டுக்கு ஊசி போட்டுக்கினு இருந்தேன். அந்த ஜனங்க என்ன நம்பி வீட்டுக்குள்ள உட்டப்புறம்தான் மத்ததெல்லாம். நம்பிக்கைய வெச்சி வெளையாடக் கூடாது. ஒருவாட்டி ஏமாத்திட்டா அந்த ஊரு நமக்கு அவ்ளோதான்."

ஒரு காலையில் அஜித் என்னிடம் கேட்டான்: "சார், நீங்களும் ஆட்டுக்கு ஊசி போட்டீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மாதக் கடைசியில் அஜித்தும் வரவில்லை.

நான் அவசரப்படவில்லை. முதலில் மண்ணைப் படிக்கவேண்டும் என்பது பாடம். எங்கள் பக்கம் எல்லாம் புது வீடுகள். விடிந்தால் ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று பஸ் ஏறிவிடுகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, பக்கத்து வீட்டுக் கார் நம்பர் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் பயம் முன்பே தயாராக இருக்கிறது. பால் பூத்தில் நீலாம்பாள் என்று ஓர் அம்மா இருக்கிறார். ஒரு பால் பாக்கெட்டோடு ஒரு சேதி இலவசம். அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஏம்மா, அந்த டேனியலு ஆத்தாண்ட பசங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுக்கறாரே, எதுக்குமா?"

"எதுக்கு சார்?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும். சும்மா கேட்டேன்."

நான் குற்றம் எதுவும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். கேள்வி கேட்பது பொய் சொல்வதாகாது. அந்த வாரக் கடைசியில் என் கேள்வி பதிலோடு எனக்கே திரும்பி வந்தது. டேனியல் எந்தக் காலனிக்காரர், அவர்களெல்லாம் எப்படிப்பட்டவர்கள், ராணுவத்திலிருந்து எதற்காகத் துரத்தினார்கள் என்று விவரமாகச் சொன்னார்கள். நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கசப்பில் ஒரு சொட்டுகூட நான் ஊற்றியதில்லை. மூடியை மட்டும் திறந்தேன்.

பிறகு குடியிருப்போர் சங்கத்தில் ஒரு காவல் குழு வேண்டும் என்று சொன்னேன். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிச் செல்போனில் ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருந்த சமயம். எந்த மாவட்டத்திலோ ஒரு தாய் அழுகிற குரல். உண்மையா என்று யாருக்கும் தெரியாது, அழுகை மட்டும் நன்றாக இருந்தது. அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, நம் பகுதியிலும் கவனம் தேவை, பழுப்புப் பையோடு திரிகிறவர்களைக் கண்டால் விசில் அடிக்கவும் என்று சேர்த்தேன். பெயர் போடவில்லை.

படை சேர்ந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், மேடம். பிரேம்நாத் என்று ஒருவர், காந்தி ரோட்டில் பட்டுக்கடை சேல்ஸ்மேன். நாளெல்லாம் புடவையை விரித்து, மடித்து, "பாருங்கக்கா, உங்க கலருக்குன்னே போட்ட பார்டரு," என்று சொல்கிறவர். கையில் லத்தி கொடுத்ததும் அவர் குரல் ஒரு கட்டை இறங்கிவிட்டது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் சிலர், ஒரு பேங்க் கேஷியர். எல்லாருக்கும் புலி ஒன்று, புலி இரண்டு என்று பெயர் வைத்தேன். மனைவி கூப்பிட்டால்கூட, "புலி மூணு டூட்டில இருக்குது," என்று பதில் சொன்னார் கேஷியர். அஜித்தைக் கூப்பிட்டனுப்பித் தலைவன் ஆக்கினேன். உடனே வந்தான், மற்ற பிள்ளைகளும் அவன் பின்னால் வந்தார்கள். டேனியல் அவனுக்கு ஆட்டைப் பிடிக்கத்தான் சொல்லித்தந்தார். நான் பதவி கொடுத்தேன்.

டேனியல் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "பசங்க கைல லத்தி குடுத்திருக்கீங்க. லத்தி குடுத்தா அடிக்கறதுக்கு ஆளு தேடுவாங்கண்ணே. எத்தினி ஊர்ல பாத்திருக்கேன். நீங்களும் பாத்திருப்பீங்க."

நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று தனியாக இருக்கும்போதும் சொன்னார். எனக்காகச் சொன்ன பொய்யை என் வீட்டுக்குள்ளும் காப்பாற்றினார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னது மிகச் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நம்பித்தான் லத்தி கொடுத்தேன்.

எதிர்வீட்டுச் சுகாசினியின் மகள் திரிஷா. நாலு வயசு. அம்மாவுக்குச் செல்போன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசந்து தூங்கிவிடும். குழந்தை கேட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்தது. ஆடு பார்க்கப் போகலாமா என்றேன். மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வந்தது. ஆற்றங்கரை நாணலுக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டு, "அதோ, அந்த மரத்தாண்ட ஆடு இருக்குது பாரு, போ," என்றேன். போயிற்று. மரத்தடியில் டேனியல் மருந்துகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மேய்க்கிறவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். இதையெல்லாம் நான் பல ஞாயிறுகள் பார்த்துவைத்திருந்தேன்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நகரமாட்டார். தூக்கிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார். என் திட்டம் முழுக்க அவருடைய நல்ல குணத்தின்மேல்தான் நின்றது. அவர் கொஞ்சம் மோசமான ஆளாக இருந்திருந்தால் அது பலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து குழந்தையைக் காணவில்லை என்று சுகாசினியை எழுப்பினேன். குழுவுக்கும் செய்தி போட்டேன். ஆற்றுப் பக்கம், பழுப்புப் பை. அவ்வளவுதான். பிறகு அடுப்பில் இருந்த வத்தக்குழம்பு அடிபிடித்துவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

விசில் சத்தம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கேட்டது. அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். டேனியல் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்ததாம். கும்பல் ஓடிவருவதைப் பார்த்ததும், முதலில் குழந்தையை நீலாம்பாள் கையில் கொடுத்திருக்கிறார். "கொழந்த கண்ண மூடுமா, அது பாக்கக் கூடாது," என்றாராம். பிறகு அஜித்தைப் பார்த்து, "அஜித்து, நான்தான்பா," என்று சொல்லியிருக்கிறார். முதல் அடி அஜித்துடையது. தலைவன் அல்லவா.

நான் போனபோது கூட்டம் பின்வாங்கி நின்றது. பிரேம்நாத் கையில் இருந்த லத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் சாய்த்து, அது விழுந்ததும் மறுபடி எடுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார். அஜித் தெருவில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். 108க்குப் போன் செய்தது நான்தான், பதிவில் இருக்கும். டேனியலின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நினைவு இருந்தது.

"அண்ணே," என்றார். "கொழந்தைய யாருண்ணே அங்க கொணாந்து உட்டது?"

அத்தனை பேர் அடித்தார்கள், அத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு உங்கள் ஆட்கள் அத்தனை பேரிடம் விசாரித்தார்கள். அந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்று நீங்கள் கேட்கிறவரை அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சரியான கேள்வி. பயிற்சி பெற்றவன் கேட்கிற கேள்வி.

"தெரியலபா," என்றேன். இந்த விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்து ஏற்றும்போதும் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. பெரிய காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் போய்விட்டார் என்றார்கள்.

துக்க வீட்டுக்கு நான்தான் சமைத்து அனுப்பினேன். கல்லறையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேசினேன். நன்றாக இருந்தது என்று பாஸ்டர் சொன்னார். ஷாரோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தரு அங்க இருந்திருந்தா அவர காப்பாத்தியிருப்பீங்க அண்ணே," என்றது. ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது.

என் புலிகள் எல்லாம் வேலூர் ஜெயிலில் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளூர்ப் படைக்கு முடிவு எப்போதும் இப்படித்தான் என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் சாட்சிகளின் வரிசையில் இருந்தேன். அப்படியே இருந்திருப்பேன். ஆனால் ஷாரோன் ஒரு நாள் சுகாசினி வீட்டுக்கு வந்தது. தன் புருஷன் கடைசியாகத் தூக்கிய குழந்தையைப் பார்க்கவேண்டும் என்று வந்ததாம். மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது குழந்தை என் மொபெட்டைக் காட்டி, "கமாண்டோ தாத்தா அந்த வண்டில தான் ஆடு பாக்கக் கூட்டினு போனாரு," என்றிருக்கிறது. ஷாரோன் சத்தம் போடவில்லை, என்னிடம் வரவும் இல்லை. நேராக உங்களிடம் வந்தது. நாலு வயசுக் குழந்தையைப் பற்றி எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை, மேடம். அது பாடத்திட்டத்தின் குறை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். குழந்தையைக் கொண்டுபோய் விட்டது நான். லத்தி கொடுத்தது நான். டேனியலைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். புடவை மடிக்கிறவரும் கேஷியரும் சேர்ந்த கும்பல் அது. டேனியல் நினைத்திருந்தால் வெறும் கையால் அத்தனை பேரையும் படுக்கவைத்திருக்கலாம். அவர் கையைத் தூக்கவே இல்லை, தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை, "பசங்களா, பசங்களா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அரசாங்கம் அவ்வளவு செலவழித்துச் சொல்லித்தந்ததில் ஒன்றைக்கூட, தேவைப்பட்ட நேரத்தில் அவர் பயன்படுத்தவில்லை. நான் பயன்படுத்தினேன். எங்கள் இரண்டு பேரில் உண்மையான சிறப்புப் படைக்காரன் யார் என்பதை, மேடம், இனிமேலாவது ஊர் தெரிந்துகொள்ளட்டும்.